குறியெதிர்ப்பை

எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டின் கடைசி நான்கு பக்கங்கள் கைமாற்றுக்கு உரியவை. மற்றப் பக்கங்களில் இடப்புறம் வரவு, வலப்புறம் செலவு. திருமணமான மறுவருடம், 2007இல் தொடங்கிய வழக்கம் இது. ஆண்டுக்கு ஒரு நீளநோட்டு. பழையவை எல்லாம் ஒரு சாக்கில் கட்டிப் பரணில் கிடக்கின்றன. பழைய பேப்பர்காரர் வரும்போதெல்லாம் அந்தச் சாக்கை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அது என்னக்கா, போட்ரலாமே" என்பார். நான் போட்டதில்லை. ஏன் வைத்திருக்கிறேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. போடத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வரவுப் பக்கத்தில் எழுத அதிகம் இராது. மதுரையில், அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் சுயநிதிப் பிரிவில் நான் தமிழ் விரிவுரையாளர். 2006இல் சேர்ந்தபோது மாதம் 4,500 ரூபாய். 2025இல் 19,500. மே மாதம் சம்பளம் கிடையாது. கணவர் ஓர் அச்சகத்தில் பக்க வடிவமைப்புச் செய்கிறார், அவருக்கு 17,000. தையிலும் வைகாசியிலும் கல்யாணப் பத்திரிகைகள் குவிந்தால் மேற்கொண்டு ஓர் இரண்டாயிரம் வரும். வாடகை, பால், மளிகை, எரிவாயு, மகளின் படிப்பு, சீட்டுப் பணம் என்று வலப்பக்கம் மட்டும் எப்போதும் அடுத்த பக்கத்துக்கு வழிந்துகொண்டிருக்கும்.

எங்கள் கட்டடத்திலேயே காலை நேரத்தில் அரசு ஊதியம் பெறும் பேராசிரியர்கள் இதே பாடத்தை நடத்துகிறார்கள். ஒரே பாடநூல், ஒரே வினாத்தாள். ஏழாவது ஊதியக் குழுவின்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியமே 57,700 ரூபாய். பிற்பகல் அவர்கள் எழுந்து போன நாற்காலியில் நாங்கள் உட்காருவோம். அவர்களில் பலர் நல்லவர்கள்; என் எம்.ஃபில். ஆய்வேட்டுக்கு நூல் தந்து உதவியவரும் அவர்களில் ஒருவர்தான். எனவே இதை மனத்தாங்கலாகச் சொல்லவில்லை. நாற்காலியைப் பற்றிச் சொன்னேன்.

என் தகுதியின் கதையும் சுருக்கமானது. நான் வேலைக்குச் சேர்ந்த 2006ஆம் ஆண்டில், இளங்கலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்த எம்.ஃபில். போதும் என்று பல்கலைக்கழக மானியக் குழு விதியைத் தளர்த்தியிருந்தது. மூன்றே ஆண்டுகளில், 2009இல், நெட் அல்லது முனைவர் பட்டம் என்று மாற்றிவிட்டார்கள். 2022ஆம் ஆண்டு விதிமுறைகளில் எம்.ஃபில். என்ற பட்டத்தையே விலக்கிவிட்டார்கள். கையில் மகளும் படுக்கையில் மாமியாருமாக இருந்த ஆண்டுகளில் நெட் மூன்று முறை எழுதினேன். இரண்டு முறை நூலிழையில் போயிற்று. மூன்றாம் முறை நூலிழைகூட இல்லை. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்வதை ஒவ்வோர் ஆண்டும் சீட்டு எடுக்கும் மாதத்துக்கு ஒத்திவைத்தேன். சீட்டு வந்த மாதங்களில் வேறு ஏதாவது வந்தது.

ஆக, மேல்வருமானத்துக்குத் தமிழையே வேறு வேறு வடிவங்களில் விற்க வேண்டியிருந்தது. மெய்ப்புத் திருத்துவது அதில் ஒன்று. பக்கத்துக்குப் பன்னிரண்டு ரூபாய். கணவரின் அச்சகத்துக்கு வரும் தல புராணங்கள், ஓய்வுபெற்றவர்களின் தன்வரலாறுகள், போட்டித் தேர்வுக் கையேடுகள். தேர்வுத்தாள் திருத்துவது இன்னொன்று. 2021 டிசம்பரில் அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தாளைக் கட்டாயமாக்கி ஆணை வந்ததும் எங்களைப் போன்றவர்களுக்குத் திடீரென்று ஒரு மவுசு உண்டாயிற்று. குரூப் 4 தேர்வின் இருநூறு வினாக்களில் நூறு தமிழ். தெருவுக்கு ஒரு பயிற்சி மையம் தமிழாசிரியரைத் தேடியது. நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். இரண்டு மணி நேரத்துக்கு 800 ரூபாய். கல்லூரியில் ஒரு மணி நேரம் தொண்டை வறள நடத்தினாலும் நிமிர்ந்து பாராத வயதுப் பிள்ளைகள் அங்கே ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார்கள். பாடியவர் யார், பாடப்பட்டவர் யார், திணை என்ன, துறை என்ன. பாட்டு என்ன என்பதுதான் வினாத்தாளில் வராது. ஆனாலும் அந்த 800 ரூபாய்தான் மூன்று ஆண்டுகள் எங்கள் எரிவாயுச் செலவைத் தாங்கியது. குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.

விற்க முடியாத தமிழும் உண்டு. தெருவில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் பெயர் கேட்டு வருவார்கள். "சுத்தத் தமிழ்ப் பேரா வேணும் டீச்சர், ஆனா ஜோசியர் 'ஜ'வுல ஆரம்பிக்கணும்னு சொல்லிட்டாரு." கல்யாணத்துக்கு வாழ்த்து மடல், பணி ஓய்வுக்குப் பாராட்டு மடல், இறந்தவர்க்குக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் இரண்டு வரி. இவற்றுக்குக் காசு வாங்கக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். ஒரு பிளம்பர் தம்பி மட்டும், தன் தந்தையின் படத்திறப்புக்கு எழுதித் தந்ததற்காக, ஒழுகிக்கொண்டிருந்த எங்கள் குழாயை மாற்றிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்காமல் போனார்.

இனி, நான் சொல்ல வந்தது.

இரண்டாண்டுகளுக்கு முன் வணிகவியல் முதலாமாண்டு வகுப்பில் புறநானூற்றின் 163ஆம் பாடலை நடத்திக்கொண்டிருந்தேன். பிற்பகல் இரண்டாவது மணி. மின்விசிறிச் சத்தம். இலக்கிய வாசகர்களுக்குத் தெரிந்த பாட்டுத்தான். முதிரமலைக் குமணனிடம் பெரும்பரிசில் பெற்று வந்த பெருஞ்சித்திரனார் தம் மனைவியிடம் பேசுகிறார். உன்னை விரும்பி வாழ்பவர்களுக்கும், நீ விரும்பி வாழ்பவர்களுக்கும், உன் சுற்றத்தாருக்கும், நம் வீட்டார் பசியாற நெடுநாளாகக் குறியெதிர்ப்பை தந்தவர்களுக்கும், இன்னார் இனியார் என்று பாராமல், என்னையும் கேட்காமல், சேர்த்துவைத்து நன்றாக வாழலாம் என்றும் எண்ணாமல் எல்லோருக்கும் கொடு என்கிறார்.

இருபது ஆண்டுகளாக இப்பாட்டை ஒரே விதமாகவே நடத்தி வந்திருக்கிறேன். புலவரின் வள்ளன்மை, வறுமையிலும் செம்மை, ஐந்து மதிப்பெண் வினா. குறியெதிர்ப்பை என்ற சொல்லுக்கு உரையாசிரியர்கள் தரும் பொருளைச் சொல்வேன். அளவு குறித்து வாங்கி, அதே அளவைத் திருப்பித் தருவது. ஈகை அதிகாரத்தின் முதல் குறளிலும் இச்சொல் வருகிறது என்று ஒரு பின்குறிப்பு. வள்ளுவர் அதைச் சற்று இளக்காரமாகவே சொல்கிறார் என்பது என் எண்ணம். வறியவர்க்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றதெல்லாம் அளந்து வாங்கி அளந்து கொடுக்கிற கணக்கு என்கிற தொனி. அன்றும் இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பினேன்.

மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். படிப்பில் நடுத்தரம். மாலையில் ஒரு மொத்த மளிகைக் கடையில் பில் போடுகிறவன் என்பது பிறகுதான் தெரியும்.

"தமிழம்மா, ஒரு டவுட்டு. யார் யாருக்கு எவ்வளவு திருப்பித் தரணும்னு அந்த வீட்ல யாருக்குத் தெரியும்? அவருக்கா, அந்த அம்மாவுக்கா?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கேட்டது சரி. பாட்டுக்குள்ளேயே விடை இருக்கிறது. உனக்குக் குறியெதிர்ப்பை தந்தவர்கள் என்றுதான் புலவர் சொல்கிறார், வாங்கியவள் அவள். அவர் மலை மலையாகப் பரிசில் தேடி நடந்த காலமெல்லாம் பக்கத்து வீட்டில் அளந்து வாங்கி உலை வைத்தவள் அவள்தான். யாரிடம் எத்தனை நாழி என்பது அவள் மனத்தில் இருந்திருக்கும். என்னைக் கேட்காமல் கொடு என்று அவர் சொல்வது பெருந்தன்மை மட்டும் அன்று. கேட்டாலும் அவருக்குச் சொல்லத் தெரியாது.

இதை அந்த வகுப்பில் நான் சொல்லவில்லை. "நல்ல கேள்வி, உட்காருப்பா" என்றேன். பிற்பாடு அவனைத் தனியே கூப்பிட்டுப் பாராட்டினேன், அவன் பயந்துபோனான்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டின் கடைசி நான்கு பக்கங்களை எடுத்துப் பார்த்தேன். எதிர் வீட்டு அக்காவிடம் அரிசி இரண்டு படி. அதே அக்காவிடம் துவரம்பருப்பு அரைக்கிலோ. (அவர் வீட்டில் ஒரு பழைய பித்தளைப் படி இருக்கிறது. எதையும் அதில்தான் அளப்பார். திருப்பித் தரும்போது நானும் அந்தப் படியை வாங்கி வந்து அளந்துதான் கொடுப்பேன்; என் வீட்டு டம்ளரால் அளந்தால் அவருக்குக் கோபம் வரும்.) ஆங்கிலத்துறைத் தோழியிடம் 3,000, மே மாதம். தம்பியிடம் 5,000, மாமியாரின் கண் அறுவைக்கு. பதினெட்டு ஆண்டுகளாக மே மாதந்தோறும் எழுதிய அந்தப் பக்கங்களுக்கு ஈராயிரம் ஆண்டுப் பழைய பெயர் ஒன்று இருக்கிறது. அந்தப் பெயரை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிக் காசு வாங்கிக்கொண்டிருந்தவளும் நான்தான். இரண்டும் ஒன்றென்று ஒருநாளும் தோன்றியதில்லை.

மே மாதம் என்றால் எங்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சம்பளமில்லாத அந்த மாதத்தில்தான் துறைக்கு ஆள் சேர்க்க ஊர் ஊராகப் போக வேண்டும். தமிழ் இலக்கியப் பட்டப்படிப்பில் இத்தனை பேர் சேராவிட்டால் வகுப்பு இல்லை; வகுப்பு இல்லாவிட்டால் நாங்கள் இல்லை. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் முகவரிப் பட்டியலோடு வெயிலில் நடப்போம். ஆசிரியர் ஆகலாம், குரூப் தேர்வு எழுதலாம், பத்திரிகைக்குப் போகலாம் என்று மூன்று விரல்களை மடக்கிக் காட்டுவோம். மேலூர் பக்கம் ஒரு வீட்டில், வாசலில் வேப்பமுத்துக் காயவைத்துக்கொண்டிருந்த தாய் ஒருத்தி நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, குடிக்க மோரும் கொடுத்துவிட்டு, "உங்க பிள்ளையவும் இதுலதான் சேர்ப்பீகளா?" என்று கேட்டாள். என் மகள் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். "ஆமா, கண்டிப்பா" என்றேன். அந்தப் பெண் சேர்ந்தாள். படித்து முடித்து இப்போது ஒரு நகைக்கடையில் கணக்குப் பார்க்கிறாள். பார்த்தால் சிரிப்பாள்.

2025 மே மாதம் என் மகளின் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தது. தமிழ்வழியில் படித்தவள். தமிழில் 98. மற்றவற்றில் பரவாயில்லை. நாங்கள் அதற்கு முன்பே, தனியார் கல்லூரி ஒன்றில் கணினிப் பட்டப்படிப்புக்கு விசாரித்து வைத்திருந்தோம். பருவத்துக்கு 28,000 ரூபாய். சீட்டை எடுத்து, சங்கிலியை வைத்தால் முதல் ஆண்டைத் தாண்டிவிடலாம் என்பது கணக்கு.

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவள் அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு, "அம்மா, நான் தமிழ் எடுக்குறேன்" என்றாள்.

"எதுக்கு?" என்றேன்.

அந்த ஒரு சொல் வாயிலிருந்து விழுந்த வேகம் எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. மடக்கிக் காட்ட மூன்று விரல்களும் எழவில்லை. பிறகு மூன்று நாட்கள் எங்களுக்குள் வாக்குவாதம். நான் சொன்னவை எல்லாம் உண்மை. 57,700த்தையும் 19,500ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். 2024 மார்ச்சில் நாலாயிரம் உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்ததையும், தேர்வு தள்ளிப்போனதையும் சொன்னேன். அதற்குத் தயாராகும் முப்பதைக் கடந்த பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பார்க்கிறேனே, அதையும் சொன்னேன். "உனக்குப் புடிச்சா வீட்ல படி. புறநானூறு எங்கயும் ஓடிறாது. மதுரைத் திட்டத்துல அம்புட்டும் இலவசமாக் கெடக்கு, போன்லயே படிக்கலாம்." நான் வகுப்பில் பேசுகிற மொழி இல்லை இது. அவள் எதற்கும் மறுமொழி சொல்லாமல் இருந்தது மேலும் எரிச்சலூட்டியது.

மூன்றாம் நாள் இரவு, கல்லூரிக் கட்டணத்துக்கு எதை எதைக் குறைக்கலாம் என்று பார்ப்பதற்காக அந்த ஆண்டு நோட்டை அவளிடம் கொடுத்துக் கூட்டச் சொன்னேன். கணக்கில் கெட்டிக்காரி. கூட்டிக்கொண்டே வந்தவள், பரணிலிருந்து சாக்கை இறக்கிப் பழைய நோட்டுகள் நாலைந்தையும் எடுத்துப் பிரித்தாள். தரையெல்லாம் நோட்டுகள். வெகுநேரம் கழித்துத் தலைநிமிர்ந்தாள்.

"அம்மா, அப்பத்தா செத்து நாலு வருஷமாச்சு. மருந்துச் செலவு மட்டும் குறையவே இல்லையே?"

எனக்குச் சொரேல் என்றது.

மாமியாருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருந்தன. மாதம் ஆயிரத்து எண்ணூறு, இரண்டாயிரம் என்று மருந்துக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒருநாள் பழைய புத்தகக் கடையில் ஔவை சு. துரைசாமிப்பிள்ளையின் புறநானூற்று உரை, கழகப் பதிப்பு, இரண்டு பகுதிகளும் சேர்ந்து கிடைத்தன. 350 ரூபாய். மகளின் பள்ளிக்குப் பணம் கட்ட வேண்டிய வாரம் அது. புத்தகம் என்று எழுதக் கை வரவில்லை. மருந்து என்ற வரியில் சேர்த்து எழுதினேன். அதன் பிறகு அது பழகிப்போயிற்று. 2021இல் மாமியார் இறந்தார். அந்த வரி இறக்கவில்லை. மாதம் இருநூறு, முந்நூறு. சில மாதங்களில் ஒன்றுமில்லை. புத்தகத் திருவிழா வரும் மாதத்தில் எழுநூறு. அதே 2021 மே மாதம் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபோது மிச்சமான பணமும் இதற்குள்தான் போயிற்று.

அவள் சிரிக்கவில்லை. நோட்டை மூடிவைத்துவிட்டு, "எனக்கும் அந்த மருந்துதாம்மா வேணும்" என்று வசனம் ஒன்றும் பேசவில்லை. சினிமாவாக இருந்தால் பேசியிருப்பாள். "இதுல மொத்தம் பதினோராயிரத்துச் சொச்சம் வருது. அப்பாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

கட்டிலில் படுத்திருந்தவர் திரும்பாமலே, "அட்டை பிஞ்ச புஸ்தகத்துக்கெல்லாம் பைண்டிங் பண்ணிக் கொண்டாந்தது யாராம்?" என்றார்.

அரசு கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத்துக்குக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். தமிழ்ப் பட்டப்படிப்புக்குத் தமிழ் மதிப்பெண்ணை வைத்துத் தனித் தரவரிசை போடுவார்கள் என்பதால் அவளுக்கு இடம் கிடைப்பதில் சிரமம் இராது என்று எனக்குத் தெரியும். ஆள் சேர்க்கப் போகும்போது எங்களுக்கு எதிராக மற்றவர்கள் சொல்கிற காரணமே அதுதான். விண்ணப்பத்தில் முதல் விருப்பமாக வணிகவியலும் இரண்டாவதாகத் தமிழும் போடச் சொன்னேன். அவள் மாற்றிப் போட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், தடுக்கவில்லை. தடுக்காதது சரியா என்று இன்றைக்கும் தெரியவில்லை. இரவில் விழிப்பு வந்தால் முதலில் நினைவுக்கு வருவது அந்த நகைக்கடைப் பெண்ணின் சிரிப்புத்தான்.

சில நிபந்தனைகள் போட்டேன். தட்டச்சு இரண்டு மொழியிலும் உயர்நிலை முடிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டிலிருந்தே குரூப் 4 எழுத வேண்டும். அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றாள். இவ்வளவு எளிதில் சரி என்றதால் எனக்கு நம்பிக்கை இல்லை. சீட்டுப் பணத்தைத் தொடவில்லை. எதிர் வீட்டு அக்கா, "டீச்சர் மகளும் டீச்சர் படிப்புத்தானா" என்றார். அதில் பாராட்டு எவ்வளவு, இரக்கம் எவ்வளவு என்று அளக்க என்னிடம் படி இல்லை.

அவள் முதல் பருவம் படிக்கும்போது, ஒரு தல புராணம் மெய்ப்புக்கு வந்தது. 180 பக்கம். நான் விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்ததால் முதல் நாற்பது பக்கத்தை அவளிடம் கொடுத்தேன். சிவப்பு மையில் ஓரத்தில் அழகாகக் குறியிட்டிருந்தாள். இரவு நான் மறுபடி ஒருமுறை பார்த்தேன். ஒற்றுப்பிழை இரண்டை விட்டிருந்தாள். ஓரிடத்தில் அச்சில் சரியாக இருந்ததைத் தவறென்று அடித்து, நான் எப்போதும் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதுபோலத் திருத்தியிருந்தாள். அகராதியை எடுத்துப் பார்த்தேன். அச்சில் இருந்ததுதான் சரி.